தாமதம் யாருடையது?

பணி ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்களில் பாதிப்பேர் கோயிலுக்குப் போவார்கள், மீதிப்பேர் டாக்டரிடம் போவார்கள் என்று எங்கள் நாகபுரி காலனியில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. என் நண்பர் ஒருவர் இரண்டுக்கும் போகாமல் வீட்டிலேயே ரயில் ஓட்டிக்கொண்டிருந்தார். முப்பத்து நான்கு வருடம் டிரைவராக இருந்தவர். இன்றைய பெயரில் லோகோ பைலட். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் ஒரு கணினியையும் 'ஓப்பன் ரெயில்ஸ்' என்ற இலவச ரயில் விளையாட்டையும் ஏற்பாடு செய்துகொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

2001-ல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டருக்காக ஆர்வலர்கள் செய்துவைத்த பாதைகளும் எஞ்சின்களும் இந்த ஓப்பன் ரெயில்ஸிலும் ஓடும். நம் நாட்டு எஞ்சின்களும் அவற்றில் உண்டு. நண்பர் தினமும் காலையில் டிஃபன் முடிந்ததும் 'டியூட்டி'க்கு உட்கார்ந்துவிடுவார்.

ஒரு நாள் போனபோது கணினியின்மேல் துண்டு போர்த்தியிருந்தது. "என்னண்ணே, லீவா?" என்றேன்.

"கை போயிடுச்சு சார்" என்றார். "சர்வீஸ்ல ஒரு தடவைகூட சிவப்பைத் தாண்டினதில்லை. நேத்து ஒரே நாள்ல மூணு தடவை தாண்டிட்டேன். நல்லவேளை, ரிட்டயராகிட்டேன்."

விளையாட்டுதானே என்று நான் சிரிக்கவில்லை. சிவப்பு சிக்னலைத் தாண்டுவது ஒரு டிரைவருக்கு என்ன என்பதை, சிக்னல் பிரிவில் காலம் கழித்த நான் அறிவேன். துண்டை எடுத்துவிட்டு, "எனக்கு ஒருதடவை ஓட்டிக் காட்டுங்கள்" என்றேன்.

பார்த்ததும் விஷயம் புரிந்தது. திரையில் படம் ஓடவில்லை, தத்தித் தத்திப் போயிற்று. எஃப் 5 விசையை அழுத்தினால், ஒரு விநாடிக்கு எத்தனை படங்கள் வருகின்றன என்று ஓப்பன் ரெயில்ஸே காட்டும். அதைத்தான் பிள்ளைகள் ஃபிரேம் ரேட் என்கிறார்கள். பெரிய ஸ்டேஷன் யார்டு நெருங்கும்போது அது 13-க்கு இறங்கியது. நடுவே ஒரு விநாடி அப்படியே உறைந்தும் போயிற்று.

கணக்குப் பாருங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் போகும். விநாடிக்கு 13 படம் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே வண்டி இரண்டு மீட்டருக்கு மேல் தாவுகிறது. ஒரு விநாடி உறைந்தால் 28 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அனுபவமுள்ள டிரைவர் வேகமானியை மட்டும் நம்புவதில்லை. பக்கத்தில் ஓடும் கம்பங்களின் தாளத்திலேயே வேகத்தை உணர்வார். நம் மின்பாதையில் கம்பங்களுக்கு இடையே அதிகபட்சம் 72 மீட்டர். அந்தத் தாளம் உடைந்தால் எவ்வளவு தேர்ந்த கையும் பிரேக்கைத் தப்பான இடத்தில்தான் போடும். நண்பரின் கை போகவில்லை. தாமதம் இயந்திரத்துடையது.

சரி, என்ன செய்வது? நண்பரின் மகன் தொலைபேசியில் ஒரு கடைக்காரரைக் கேட்டிருந்தான். "பிராசஸர் 30 சதவீதம்தான் வேலை செய்கிறது, ஆகவே கிராஃபிக்ஸ் கார்டுதான் போதவில்லை, 28,000 ரூபாயில் புதிது போடலாம்" என்பது அவர் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் ஒரு ரயில் பாதையின் திறனைக் கணக்கிட ஸ்காட் சூத்திரம் என்ற ஒன்றை வைத்திருக்கிறோம். ஒரு நாளின் 1440 நிமிடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாதையிலேயே மிக அதிக நேரம் பிடிக்கும் பிளாக் செக்ஷனில் மெதுவான வண்டி ஓடும் நேரத்தையும், பிளாக் இயக்கும் நேரத்தையும் கூட்டி அதனால் வகுத்து, 0.7 ஆல் பெருக்க வேண்டும். ஓட 12 நிமிடம், இயக்க 5 நிமிடம் என்றால் 59 வண்டிகள். அந்த ஒரு செக்ஷனை மட்டும் 9 நிமிடமாக்கினால் 72 வண்டிகள். மற்ற செக்ஷன்களில் தங்கத்தால் தண்டவாளம் போட்டாலும் ஒரு வண்டிகூடக் கூடாது.

கணினியும் அப்படியே. பிராசஸரில் நான்கு கருக்கள் இருக்கின்றன. பழைய பாணி ரயில் விளையாட்டுகளில் படம் தயாரிக்கும் வேலையின் பெரும்பகுதி ஒரே கருவின் தலையில் விழுகிறது. ஒவ்வொரு மரத்துக்கும், கம்பத்துக்கும், பெட்டிக்கும் 'இதை வரை' என்று கார்டுக்கு உத்தரவு எழுதுவது அதன் வேலை. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் தனியாளாக எல்லா வண்டிக்கும் லைன் கிளியர் எழுதுவதுபோல. அவர் ஓய்வின்றி எழுதிக்கொண்டிருக்க, மற்ற மூவரும் சும்மா இருந்தால் சராசரி 30 சதவீதம் என்றுதான் காட்டும். சராசரி ஏமாற்றும். கடைக்காரர் ஏமாந்தது இங்கேதான்.

சோதிப்பது எளிது. திரையின் நுணுக்கத்தை 1920-க்கு 1080-லிருந்து 1280-க்கு 720 ஆகக் குறைத்துப் பாருங்கள். கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போகும். அப்போது ஃபிரேம் நன்றாக ஏறினால் கார்டுதான் திணறுகிறது. ஏறாவிட்டால் கார்டு நிரபராதி. எங்களுக்கு 13 என்பது 14 ஆயிற்று, அவ்வளவே.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அதே வண்டி, அதே ஸ்டேஷன், அதே நேரம், அதே வானிலை. ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். எண்ணை நோட்டில் குறிப்பது. அசையும் நிழல்களை நிறுத்தினோம்: 18. பார்வைத் தூரத்தை 5000 மீட்டரிலிருந்து 2000 ஆக்கினோம்: 25. பெட்டியைத் திறந்தால் பிராசஸர் விசிறியில் பஞ்சுபோல் தூசி. மே மாதத்தில் 45 டிகிரி காயும் ஊரில் விசிறி அடைத்துக்கொண்டால், பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிரஷ் போட்டுத் துடைத்தோம்: 33. அந்த ஒரு விநாடி உறைதல் மட்டும் மிச்சம். பாதையின் அடுத்த பகுதியைப் பழைய ஹார்டு டிஸ்க் மெதுவாக எடுத்துத் தந்ததே காரணம். விளையாட்டை எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு மாற்றியதும் அது ஏறக்குறைய நின்றது. மொத்தச் செலவு, கடைக்காரர் சொன்னதில் எட்டில் ஒரு பங்கு.

கடைசியாக ஒரு காரியம் செய்தேன். இதை இளைஞர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வெற்றுப் பாதையில் 60 வரை ஏறிய ஃபிரேமை, கார்டின் மென்பொருளில் 30-க்குக் கட்டிப்போட்டேன். 60-க்கும் 33-க்கும் இடையே ஊசலாடுவதைவிட எங்கும் ஒரே சீராக 30 வருவது கண்ணுக்கும் கைக்கும் நல்லது. ஒரு நாள் அரைமணி முன்னதாகவும் மறுநாள் அரைமணி தாமதமாகவும் வரும் வண்டியை நம்பி யார் பயணம் வைப்பார்கள்?

என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 'டிரெயின் சிம் வேர்ல்டு' போன்ற புதிய விளையாட்டுகளில் கார்டே குற்றவாளியாக இருக்கலாம்; அப்போது வாங்கத்தான் வேண்டும். எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை. முதலில் அள, பிறகு ஒன்றை மாற்று, மறுபடி அள. பணப்பையைத் திறப்பது கடைசியில்.

நம் சங்கத்துப் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். பெற்றோருக்குக் கணினி வாங்கித் தருகிறீர்கள், மகிழ்ச்சி. கூடவே அரைநாள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் ஓட்டுவதைப் பாருங்கள். இயந்திரம் தாமதித்தால் இருபது வயதுக்காரன் இயந்திரத்தைத் திட்டுவான். அறுபத்தேழு வயதுக்காரர் தன் வயதைத் திட்டிக்கொள்வார். அந்தத் தப்பான தீர்ப்பை நீங்கள்தான் திருத்தவேண்டும்.

நண்பர் மறுபடி டியூட்டிக்குத் திரும்பிவிட்டார். போன வாரம் போனபோது யார்டு நுழைவில் சிவப்புக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. "காபி கொண்டா, சார் வந்திருக்கார்" என்று மட்டும் உள்ளே குரல் கொடுத்தார்.