இலவச வைத்தியத்துக்கு ஆன செலவு

"அரசு ஆஸ்பத்திரியில எல்லாம் இலவசம்தானே, வயித்தால போனதுல உங்களுக்கு என்னங்க நஷ்டம்?" கிராம சபையில ஒரு அதிகாரி கேட்டார். பதில் சொல்றதுக்குள்ள மைக்கை அடுத்த ஆளுக்குக் கொடுத்துட்டாங்க. அதனால இங்கே எழுதுறேன்.

போன ஐப்பசியில எங்க தெருவுல பாதி வீட்டுல வாந்தி பேதி. எங்க வீட்டுல மனைவி, மருமகள், பேரன் மூணு பேருக்கும். ஊசி, மாத்திரை, குளுக்கோஸ் இலவசம்தான், மறுக்கலை. ஆனா ராத்திரி 11 மணிக்கு 108 வேற ஊருக்குப் போயிருந்தது, ஆட்டோவுக்கு 500. கூட இருந்தவங்களுக்கு டீ, இட்லி, பேரனுக்கு இளநீர், மூணு நாளைக்கு 600. ஸ்டாக் இல்லைன்னு வெளியில வாங்கச் சொன்ன மருந்து 340. மகன் சென்ட்ரிங் வேலைக்குப் போகாத 4 நாள் கூலி 3,200. சொசைட்டிக்குப் பால் ஊத்தாததுல 840. அது சம்பாவுக்கு முதல் களை எடுக்கிற நேரம். வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேரும் வயல்ல இறங்கியிருந்தா கூலிச் செலவே கிடையாது. அவங்க படுத்துட்டதால ரெண்டு ஆள் விட்டு 5 நாள், 2,500.

கூட்டினா 7,980 ரூபாய். நான் அலைஞ்ச நாளைச் சேர்க்கலை. விவசாயி நேரத்துக்கு யார் விலை போட்டிருக்கா? பணத்துக்குத் தோட்டை அடகு வச்சோம், வட்டி இன்னும் ஓடுது.

காரணம் ஊருக்கே தெரியும். குடிதண்ணிக் குழாய் சாக்கடையை ஒட்டியே போகுது. தண்ணி விடுற நேரம் போக மத்த நேரம் குழாய் காலி. காலிக் குழாய்ல விரிசல் இருந்தா பக்கத்துல தேங்கின சாக்கடையை உள்ளே இழுத்துக்கும். மறுநாள் முதல் குடத்துல வர்ற கலங்கல் அதுதான்.

"காய்ச்சிக் குடிங்க, கையைக் கழுவுங்க"ன்னு நோட்டீஸ் கொடுத்தாங்க. கையைக் கழுவணும், சரிதான். எந்தத் தண்ணியில கழுவ? தினம் ரெண்டு குடம் காய்ச்ச சிலிண்டர் யார் வாங்கித் தர்றது? பயந்துபோய் இப்ப கேன் தண்ணி வாங்குறோம். ரெண்டு நாளைக்கு ஒரு கேன், 35 ரூபாய். வருஷத்துக்கு ஆறாயிரத்துக்கு மேல. குழாய் வரியும் கட்டுறோம், அது தனி.

இன்னொரு கணக்கும் பாருங்க. எங்க டேங்க் 30,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் பிளீச்சிங் பவுடர்னு போட்டா 120 கிராம். பத்து ரூபாய்க்குள்ள முடியுது. தினமும் போட்டாலும் வருஷத்துக்கு 3,650 தாண்டாது. ஊருக்கே ஒரு வருஷத்துக்கு ஆகுற செலவு, என் ஒருத்தன் வீட்டு ஒரு வார நஷ்டத்துல பாதிகூட இல்லை! டேங்க் கழுவின தேதியை மட்டும் பெயிண்ட்ல அழகா எழுதுறாங்க. டேங்க் ஆபரேட்டரைத் திட்டாதீங்க. பவுடர் கொடுத்தாத்தானே அவர் போடுவார்.

வர்ற மார்ச் 22 உலக தண்ணீர் தினத்துக்குக் கிராம சபை வைப்பாங்க. கடைசி வீட்டுக் குழாயில தண்ணி பிடிச்சு எங்க கண் முன்னாடி குளோரின் பார்க்கணும், 0.2 பிபிஎம்மாவது இருக்கணும். விரிசலை எந்தத் தேதிக்குள்ள அடைப்பாங்கன்னு தீர்மான நோட்டுல எழுதணும். நான் என் கணக்கு நோட்டோட வர்றேன். எங்க தெரு ஆளுங்க நீங்களும் சீட்டுல எழுதி எடுத்துட்டு வாங்க, ஆட்டோவுக்குக் கொடுத்ததை விட்டுடாதீங்க.