கிட்டார் கத்துக்கலாமா? - 3: நமத்துப்போன சரவெடியும் அப்பத்தாவின் கையும்

நமத்துப்போன சரவெடி எப்படி வெடிக்கும்னு சிவகாசிப் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பட்... பட்பட்... அப்புறம் சத்தமே இருக்காது. அணைஞ்சிருச்சுன்னு நினைக்கும்போது இன்னொரு பட். (கிட்டே மட்டும் போயிடாதீங்க!) முதல் ஒரு மாதம் என் ஸ்ட்ரம்மிங் அப்படித்தான் இருந்தது.

தீபாவளி போனஸில் வாங்கிய கிட்டார் இது. வாங்கிய அன்றைக்கே 'இளைய நிலா' வாசித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்காக, இளையராஜா இசையில் ஆர்.சந்திரசேகர் வாசித்த கிட்டார் அது. கம்பிகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே மீட்டும் வேலை. புதுசா கிட்டார் வாங்கியவர்கள் முதலில் போய் முட்டிக்கொள்ளும் சுவர் அதுதான். நானும் முட்டினேன். மூன்றாம் நாள் கிட்டார் பீரோ மேல் ஏறிவிட்டது.

அதைக் கீழே இறக்க வைத்தது 'தக திமி தக ஜுனு'. எட்டு எழுத்துதான். த, தி, த, ஜு வரும்போது கை கீழே போகும். க, மி, க, னு வரும்போது மேலே வரும். இதில் இரண்டு இடத்தில் மட்டும் கம்பியைத் தொடாதீர்கள்: முதல் 'க', இரண்டாவது 'த'. கை வழக்கம்போல அசையட்டும், காற்றில் போய் வரட்டும். கிடைப்பது கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். உலகம் முழுக்க எத்தனையோ எளிய பாட்டுகளுக்கு இந்த ஒரே பேட்டர்ன் போதும். இடது கை விரல்களைக் கம்பி மேல் லேசாக வைத்து, வெறும் 'சக் சக்' சத்தத்தோடு பழகுங்கள். மெட்ரோனோம் ஆப்பில் 60 வைத்து, ஒரு டிக்குக்கு இரண்டு எழுத்து. பிக் மெல்லிசாக இருந்தால் நல்லது. பழைய ஏடிஎம் கார்டை வெட்டிப் பார்த்தேன், 0.76 மில்லிமீட்டர், ஆரம்பத்துக்குக் கொஞ்சம் விறைப்பு.

சிக்கல் கார்டு மாறும்போதுதான் (இது ஏடிஎம் கார்டு இல்லை!). ஜி-யிலிருந்து சி-க்கு விரல் போய்ச் சேர்வதற்குள் வலது கை நின்றுவிடும். விருதுநகர் வீட்டுத் திண்ணையில் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அப்பத்தா கேட்டது:

"ஏத்தா, கை எதுக்கு நின்னு நின்னு போகுது? ஒரு பெட்டி கோணலாப் போச்சுன்னா அதையே பாத்துக்கிட்டா இருப்பாக? அதத் தூரப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போ."

அப்பத்தா முப்பது வருஷத்துக்கு மேல் வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டியது. ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. எங்களைத் திட்டும், பக்கத்து வீட்டில் கதை கேட்கும், அடுப்பைப் பார்க்கும். கை மட்டும் நிற்காது. என் ஸ்கூல் பீஸில் பாதி அந்தக் கை கட்டியது. இப்போது அந்த விரல்கள் முழுசாக மடங்குவதில்லை.

அது சொன்னதைத்தான் செய்து பார்த்தேன். கடைசி 'னு'விலேயே இடது கை விரல்களை எடுத்துவிட்டேன். கம்பிகள் சும்மா அதிரட்டும், கேட்பவருக்குத் தப்பாகத் தெரியாது. அடுத்த 'த'வுக்கு விரல் பாதிதான் போய்ச் சேர்ந்ததா? பரவாயில்லை, வலது கை ஓடட்டும்.

அப்பத்தா பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. ஆதாரில் ஜனவரி 1. அந்தக் கணக்குப்படி வரும் ஜனவரியில் 80. இதுவரை பிறந்தநாள் கொண்டாடியதே இல்லை. 'ஹேப்பி பர்த்டே' வாசிக்கப்போகிறேன். ஜி, சி, டி மூன்றே கார்டு. தாளம்தான் வேறு, 'தகிட தகிட', மூன்றும் கீழ். ஒரு எச்சரிக்கை: முதல் சொல் தாளத்துக்கு முன்னாலேயே வந்துவிடும், இரண்டாவது சொல்லில்தான் முதல் 'த' விழும். இது தெரியாமல் நான் ஒரு வாரம் அலைந்தேன்.

இன்னும் 12 நாள் இருக்கிறது. ஜி-யிலிருந்து டி-க்குப் போகும்போது மட்டும் கை இன்னும் நிற்கிறது.