பாறசாலைப் பள்ளிகளின் பழைய பதிவேடுகள் எங்கே?

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலை, அமரவிளை வட்டாரத்துப் பள்ளிப் பெயர்களில் எல்.எம்.எஸ். என்ற மூன்றெழுத்து இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1795இல் தொடங்கிய லண்டன் மிஷனரி சங்கத்தின் அடையாளம் அது. அதற்குக் காசு கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபைக்குக் கட்டுப்படாத கிறிஸ்தவர்கள். அதற்காகவே ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் நெடுங்காலம் அவர்களுக்குப் பட்டம் தர மறுத்தன. 1871இல்தான் அந்தத் தடைகள் பெரும்பாலும் நீங்கின.

சொந்த நாட்டில் கல்லூரி வாசல் அடைபட்டவர்கள், திருவிதாங்கூரில் எழுத்தே மறுக்கப்பட்டவர்களுக்குப் பள்ளி திறந்தார்கள்.

1806இல் மயிலாடியின் வேதமாணிக்கத்தோடு சங்கத்தின் மிஷனரி ரிங்கல்தௌபே தொடங்கிய வேலை மெல்ல மேற்கே நகர்ந்தது. ஜான் ஆப்ஸ் பாறசாலையில் இருந்து பணியாற்றினார். 1859இல் வந்த சாமுவேல் மேட்டீர் தொடங்கியதும் அங்கேதான். மதம் பரப்புவதே அவர்களின் முதல் நோக்கம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களின் பள்ளிக் கொட்டகைகளில் நாடார் பிள்ளைகளும், அடிமைகளாயிருந்த புலையர், பறையர் வீட்டுப் பிள்ளைகளும் எழுத்துக் கூட்டினார்கள். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் நடத்திய பள்ளியில் சிறுமிகள் பாடம் முடிந்ததும் திண்டின்மேல் ஊசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னினார்கள். அந்தக் கூலியில் தன் அடிமைத்தளையை விலை கொடுத்து மீட்ட பெண்ணும் உண்டு.

எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததை எதிர்த்து எழுந்த தோள்சீலைக் கலவரத்தில் ஜெபக்கூடங்களும் பள்ளிக் கொட்டகைகளும் எரிந்தன. 1859 ஜூலையில் அவர்கள் மேலாடை அணிய அனுமதித்து மன்னர் ஆணை வந்தது. எதிர்ப்பு அத்தோடு ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெய்யாற்றின்கரைக்கு அருகே ஊரூட்டம்பலத்தில் புலையர் தலைவர் அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையர் சிறுமியை அரசுப் பள்ளிக்குக் கைப்பிடித்து அழைத்துச் சென்றபோது, அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மிஷன் கொட்டகையில் இத்தகைய பிள்ளைகளுக்கு இடம் இருந்தது.

மிஷனரிகளின் கடிதங்கள் லண்டனில், சோவாஸ் பல்கலைக்கழக நூலகத்தில், பத்திரமாக இருக்கின்றன. அவை எழுதியவரின் பார்வை. படித்த பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், சாதி, தொழில் எல்லாம் உள்ளூர்ச் சேர்க்கைப் பதிவேட்டில்தான் கிடைக்கும். 1956 நவம்பர் 1இல் அண்டை வட்டமான விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே மிஷன் களம் இரண்டு மாநிலமாயிற்று. அதன் ஏடுகளுக்குப் பொறுப்பு யார் என்பது தெளிவாக இல்லை. கரையான் அரிப்பதற்குள் இரு மாநில ஆவணக் காப்பகங்களும் தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) பேராயங்களும் சேர்ந்து, எஞ்சியிருக்கும் பதிவேடுகளைத் தேடியெடுத்துப் படமெடுத்து வைக்க வேண்டும். பழைய கட்டடத்தை இடிக்கப்போகும் பள்ளியிலிருந்து தொடங்கலாம்.