கட்டளை ஒருவருடையது, கறை இன்னொருவருக்கு

'லாஸ்ட்' தொடரைப் பற்றிப் பேச்சு வந்தாலே மர்மத் தீவு, கறுப்புப் புகை, பதுங்கு குழி என்றுதான் போகிறது. நாம் இங்கே பேச விரும்புவது முதல் சீசனின் எட்டாவது எபிசோட் பற்றி. 'கான்ஃபிடன்ஸ் மேன்' என்ற அந்த எபிசோட் 2004 நவம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அதில் நல்லவர்கள் சேர்ந்து ஒரு மனிதனை மரத்தில் கட்டிச் சித்திரவதை செய்கிறார்கள். (தொடரை முழுதாகப் பார்க்காதவர்கள் மன்னிக்கவும், கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது.)

சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போன விமானம் தீவில் விழுகிறது. பிழைத்தவர்களில் ஷானன் என்ற பெண்ணுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் தீர்ந்துபோகிறது. மிச்ச இன்ஹேலர்கள் இருந்த பெட்டியில் ஒரு புத்தகமும் இருந்தது. அந்தப் புத்தகத்தை இப்போது சாயர் படித்துக்கொண்டிருக்கிறார். சாயர் முரடர், இறந்தவர்களின் பொருட்களைச் சேர்த்து வைத்திருப்பவர். கேட்டால் எகத்தாளமாகப் பேசுகிறார். ஆகவே மருந்து அவரிடம்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் முடிவு செய்துவிடுகிறார்கள். ஆதாரம் ஒரு புத்தகமும் ஒரு கெட்ட பெயரும் மட்டுமே.

விசாரிக்க முன்வருபவர் சயீத். ஈராக்கின் குடியரசுக் காவல் படையில் இருந்தவர். சம்மதம் சொல்பவர் ஜாக். அவர் மருத்துவர், எல்லோரும் மதிக்கும் தலைவர். சாயரின் நகக்கண்ணில் மூங்கில் சிராய்களை ஏற்றுகிறார் சயீத். ஜாக் பக்கத்தில் நிற்கிறார்.

கடைசியில் தெரியவருவது என்ன? சாயரிடம் மருந்து இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. புத்தகம் கரை ஒதுங்கியது, அவர் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆத்திரத்தில் சயீத் கத்தியால் குத்த, சாயர் உயிருக்குப் போராடும் நிலைக்குப் போகிறார். அவரைக் காப்பாற்றுபவரும் ஜாக்தான்.

ஷானனின் மூச்சை மீட்டது சித்திரவதை அல்ல. சன் என்ற கொரியப் பெண் யூகலிப்டஸ் இலையில் செய்த கைவைத்தியம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்றே முகாமில் பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். அவரிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. தீர்வு காட்டிலேயே வளர்ந்து நின்றது. அது தெரிந்தவர் கூட்டத்தின் ஓரத்தில் இருந்தார்.

நம்மை அதிகம் உறுத்துவது எபிசோடின் முடிவு. இனி ஒருபோதும் செய்யமாட்டேன் என்று தனக்குத்தானே உறுதி எடுத்திருந்ததை மீறிவிட்ட சயீத், வெட்கம் தாங்காமல் முகாமை விட்டுத் தனியாக நடந்து போகிறார். ஜாக் முகாமிலேயே இருக்கிறார், தலைவராகவே தொடர்கிறார். சம்மதம் கொடுத்தவரை யாரும் கூட்டி வைத்துக் கேள்வி கேட்கவில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் ஹியூஸ் 1962இல் 'நல்ல மனிதர்களும் அழுக்கு வேலையும்' என்ற கட்டுரை எழுதினார். நாஜி ஜெர்மனியைப் பற்றியது. சமூகம் தன் அழுக்கு வேலையை வேறு சிலரிடம் விட்டுவிட்டு, அதைப் பற்றித் தெரியாததுபோல நடந்துகொள்கிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். சமூகவியல் வகுப்பில் இதைப் படித்தபோது நமக்குப் புதிதாகத் தோன்றவில்லை. மலக்குழிக்குள் மனிதரை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். ஆனாலும் இறக்கச் சொல்பவரின் சட்டை இன்றும் வெள்ளையாகவே இருக்கிறது. தீட்டு மட்டும் இறங்கியவருக்கு.

எபிசோட் வந்த ஆண்டையும் மறக்கக் கூடாது. 2004 ஏப்ரலில்தான் ஈராக்கின் அபு கிரைப் சிறைப் படங்கள் வெளியாயின. அங்கே வதைத்தவர்கள் அமெரிக்கப் படையினர், வதைபட்டவர்கள் ஈராக்கியர்கள். ஏழு மாதங்கள் கழித்து வந்த இந்தக் கதையில் அது தலைகீழாகிறது. வதைப்பவர் ஈராக்கியர், வதைபடுபவர் வெள்ளை அமெரிக்கர். அந்த ஈராக்கியராக நடித்தவர் நவீன் ஆண்ட்ரூஸ். கேரளத்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். பழுப்புத் தோல் இருந்தால் போதும் என்றாகிவிட்டது.

தொடருக்கு மனசாட்சியே இல்லை என்று சொல்ல மாட்டோம். இரண்டாவது சீசனின் 'ஒன் ஆஃப் தெம்' எபிசோடில், 1991 வளைகுடாப் போரின்போது சயீத்தை இந்த வேலைக்குள் இழுத்துவிட்டதே அமெரிக்கப் படையினர்தான் என்று காட்டுகிறார்கள். ஆனால் நிஜ அபு கிரைபில் சிறைக்குப் போனவர்கள் கீழ்நிலைப் படையினர் மட்டுமே. உயரதிகாரிகள் ஒருவரும் போகவில்லை.

சாயரை நம்மவர் ஆக்கிவிட வேண்டாம். அவர் வெள்ளையர், ஏமாற்றுப் பேர்வழி, தன் கெட்ட பெயரைத் தானே தேடிக்கொண்டவர். 1871 குற்றப் பரம்பரைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட சமூகங்களுக்கோ அந்தப் பெயர் பிறப்போடு ஒட்டப்பட்டது. திருட்டு நடந்தால் முதலில் எந்தத் தெருவுக்கு ஜீப் வரும் என்று அந்தத் தெருப் பிள்ளைகளுக்குத் தெரியும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்திய அரசு, இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை.

ஆனால் வதை நடக்கும் விதம் ஒன்றுதான். அவசரம் என்பார்கள். ஒரு உயிர் போகிறதே என்பார்கள். அவன் எப்படிப்பட்டவன் என்று தெரியாதா என்பார்கள். படித்த, பண்பான ஒருவர் தலையசைப்பார். திரையில் போலீஸ் நாயகன் சந்தேக நபரை அடிக்கும்போது நம் நண்பர்களே விசிலடிப்பதும் இப்படித்தான். அந்த நிமிடத்தில் நாமும் ஜாக்கின் பக்கத்தில் நிற்கிறோம்.

இன்னொரு தகவல். இதற்கு முந்தைய எபிசோடில் சயீத்தை யாரோ பின்னாலிருந்து அடித்து வீழ்த்தியிருந்தார்கள். அதையும் சாயர்தான் செய்திருப்பார் என்று சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்குத் தூபம் போட்டு, சயீத்தின் கையில் கத்தியையும் கொடுப்பவர் லாக். அடித்தது அந்த லாக்தான் என்பது சீசனின் கடைசிப் பகுதியில் தெரிகிறது.

ஆகவே இந்த எபிசோடை உங்கள் வாசகர் வட்டத்திலோ விடுதியிலோ போட்டுப் பாருங்கள். பார்த்து முடித்ததும் சயீத் செய்தது சரியா தவறா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். யார் தலையசைத்தார், யார் கத்தியைக் கொடுத்தார், யாரிடம் கேட்கவே இல்லை என்று பேசுங்கள். அடுத்த காவல் மரணத்தில் ஒரு காவலரை மட்டும் இடைநீக்கம் செய்து வழக்கை மூடப் பார்க்கும்போது, இதே கேள்விகள் நமக்குத் தேவைப்படும்.