சராசரி என்னும் மாயமான்

பெண்ணுக்கு வரன் பார்ப்பதில் நம் வீட்டு அம்மாமார்களுக்கு இருக்கும் சாமர்த்தியத்தை இதுவரை யாரும் சரியாகப் பாராட்டவில்லை என்பது என் அபிப்பிராயம். தரகர் வருகிறார். "பையனுக்கு மாசம் இரண்டு லட்சம், சொந்த வீடு, கார், ஒரே பிள்ளை" என்று மூச்சு விடாமல் சொல்லி முடிக்கிறார். வீட்டு ஐயா உடனே பஞ்சாங்கத்தைத் தேட ஆரம்பித்து விடுகிறார். அம்மாள் அசைந்து கொடுப்பதில்லை. "வீடு யார் பேரில் இருக்கிறது? கடன் பாக்கி உண்டா? இரண்டு லட்சம் என்பது கைக்கு வருவதா, காகிதத்தில் இருப்பதா? இதற்கு முன்னால் எந்த ஆபீஸில் இருந்தான், ஏன் விட்டான்?" என்று நாலு கேள்வி போடுகிறாள். அதோடு நிற்பதில்லை. பையன் குடியிருக்கும் தெருவில் சித்தியின் நாத்தனார் ஒருத்தி இருப்பாள். அவளுக்கு ஆள் போகிறது.

அதே வீட்டில் அதே பெண், "அம்மா, நான் எம்.பி.ஏ. படிக்கப் போகிறேன்" என்று ஒரு கல்லூரியின் வழவழப்பான புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டட்டும். அம்மாள், "எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நீயும் அப்பாவும் பார்த்துக் கொள்ளுங்கள்" என்று அடுப்படிக்குப் போய்விடுகிறாள். சகோதரிகளே, இதுதான் எனக்குப் புரியவில்லை. வரனை விசாரிக்கத் தெரிந்தவளுக்குக் கல்லூரியை விசாரிக்கத் தெரியாதா?

விஷயம் சின்னதல்ல. பெயர் பெற்ற நிர்வாகக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு வருஷப் படிப்புக்கு 20 லட்ச ரூபாய்க்கு மேல் ஆகிறது. 20 லட்சத்தை நூற்றுக்கு 10 வட்டியில் பாங்கில் வாங்கிப் பத்து வருஷத்தில் அடைப்பதென்றால், மாதா மாதம் சுமார் 26,400 ரூபாய் கட்டவேண்டும். முடிவில் கட்டிய மொத்தம் 31 லட்சத்தைத் தாண்டிவிடும். படிக்கிற காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. கடன் பத்திரத்தில் பெண்ணோடு பெற்றவர்களும் கையெழுத்துப் போடவேண்டியிருக்கும். வளையல் பாங்குப் பெட்டியில் போய் உட்காருவதும் உண்டு. இவ்வளவையும் யாரோ சொன்ன வார்த்தையை நம்பிச் செய்யலாமா?

இந்தப் படிப்பு விஷயத்தில் நமக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள் நாலு வகை. ஒவ்வொருவரையும் கூடத்தில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து விசாரிப்போம்.

முதலில் வருவது கல்லூரியின் விளம்பரம். எதிர் வீட்டு மாமி சென்ற வாரம் அப்படி ஒரு புத்தகத்தோடு வந்தார். கூடவே பெண்ணும் வந்தாள்.

"பாரேன், சராசரிச் சம்பளம் வருஷத்துக்கு 17 லட்சமாம்! அதிகபட்சம் ஒரு கோடி! இதைவிட என்ன வேணும்?" என்றார் மாமி.

"சராசரி என்றால் என்ன மாமி?" என்றேன்.

"எல்லாருக்கும் கிடைப்பது, வேறென்ன?"

"பத்துப் பேர் படித்தார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒருத்தனுக்கு ஒரு கோடி கிடைத்தது. மற்ற ஒன்பது பேருக்கும் 8 லட்சம் வீதம் கிடைத்தது. மொத்தம் எவ்வளவு?"

மாமியின் பெண் சட்டென்று, "ஒரு கோடியே 72 லட்சம்" என்றாள்.

"பத்தால் வகுத்தால்?"

"17 லட்சத்து 20 ஆயிரம்... அட! ஆனால் ஒருத்தருக்குக்கூட 17 லட்சம் கிடைக்கவில்லையே!"

மாமி புத்தகத்தை மடியில் வைத்துக் கொண்டு சிறிது நேரம் பேசவில்லை.

ஆகையால் சராசரியைக் கேட்காதீர்கள். நடுச் சம்பளத்தைக் கேளுங்கள். எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தி, நட்ட நடுவில் நிற்கிறவருக்கு என்ன கிடைத்தது என்பதுதான் நடுச் சம்பளம். மேலே சொன்ன கணக்கில் அது 8 லட்சம். நம் வீட்டுப் பெண் அந்த நடு ஆசாமியாக இருந்தால் கடனை அடைக்க முடியுமா என்று பாருங்கள். முதல் ஆளாக வந்தால் சந்தோஷம். அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

இன்னொரு தந்திரம், "நூற்றுக்கு நூறு பேருக்கும் வேலை" என்பது. 120 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் 90 பேரை மட்டும் "வேலைக்கு மனுச் செய்தவர்கள்" என்று கணக்கில் எடுத்துக் கொண்டு, அந்த 90 பேருக்கும் வேலை கிடைத்தது என்றால், புத்தகத்தில் நூற்றுக்கு நூறு என்று போட்டுவிடலாம். மீதி முப்பது பேர் எங்கே போனார்கள் என்று கேட்பது நம் வேலை.

சம்பளத்தொகையும் அப்படித்தான். நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்துச் சொல்லும் விலைக்கும் தங்கத்தின் விலைக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாதா? கம்பெனிகள் சொல்லும் வருஷத் தொகையில் பிராவிடண்டு பண்டு, கிராஜுவிடி, இன்ஷூரன்ஸ், வேலையில் சேரும்போது ஒரே தடவை கொடுக்கும் தொகை, வேலை நன்றாக நடந்தால் மட்டும் கிடைக்கும் போனஸ் எல்லாம் சேர்ந்திருக்கலாம். மாதம் கைக்கு எவ்வளவு என்பதே கேள்வி. ஆமதாபாத் ஐ.ஐ.எம். முன்னின்று வகுத்த வேலைவாய்ப்பு அறிக்கை முறை ஒன்று இருக்கிறது. நிலையான சம்பளம், ஒரு தடவைத் தொகை, நிபந்தனைத் தொகை என்று பிரித்துப் போட்டு, வெளியாரைக் கொண்டு தணிக்கையும் செய்கிறார்கள். "உங்கள் அறிக்கை தணிக்கையானதா?" என்று எந்தக் கல்லூரியையும் கேட்கலாம். கோபித்துக் கொண்டால் அதுவே பதில்.

இரண்டாவது ஆசாமி பயிற்சி வகுப்புக்காரர். "எங்களிடம் படித்தவர்கள் 99 வாங்கினார்கள்" என்று படத்தோடு போடுவார். ஐ.ஐ.எம். நுழைவுக்கான 'கேட்' பரீட்சையில் 99 என்பது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மார்க் அல்ல. எழுதியவர்களில் நூற்றுக்கு 99 பேரைவிட முன்னால் நிற்கிறார் என்று அர்த்தம். மூன்று லட்சம் பேர் எழுதினால் அந்த உச்சிப் படியில் சுமார் மூவாயிரம் பேர் இருப்பார்கள். அது பெரிய காரியந்தான், சந்தேகமில்லை. ஆனால் படத்தில் இருக்கும் பிள்ளை அங்கே ஒரு வருஷம் படித்தானா, அல்லது பரீட்சைக்கு முன்னால் இரண்டு மாதிரித் தேர்வு மட்டும் எழுதினானா? மத்திய சர்க்காரின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி வகுப்பு விளம்பரங்களுக்கு விதிகள் கொண்டுவந்தது. தேறியவரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அவர் படத்தைப் போடக் கூடாது. அவர் படித்தது எந்த வகுப்பு, எத்தனை காலம் என்பதையும் சொல்லியாக வேண்டும். விளம்பரத்தில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு தேடுங்கள்.

மூன்றாவது, தரவரிசைப் பட்டியல். ஒரு பட்டியலில் ஐந்தாவதாக நிற்கும் கல்லூரி இன்னொன்றில் பதினைந்தாவதாக நிற்கும். இதில் அதிசயம் இல்லை. ஒரே சாம்பாரை ஒருவர் புளிப்புக்கும் ஒருவர் காரத்துக்கும் மார்க் போட்டால் முடிவு மாறாதா? லண்டன் 'பைனான்ஷியல் டைம்ஸ்' படித்து முடித்து மூன்று வருஷம் ஆனவர்களின் சம்பளத்துக்கு நல்ல மதிப்புக் கொடுக்கிறது. 2016 முதல் நம் மத்திய சர்க்கார் வெளியிடும் என்.ஐ.ஆர்.எப். பட்டியலில் ஆராய்ச்சிக்குக் கணிசமான பங்கு. நம் பெண்ணுக்கு எது முக்கியமோ, அதற்கு எது மார்க் போடுகிறதோ அதைப் பார்க்க வேண்டும். சர்க்கார் பட்டியலில் இன்னொரு சௌகரியமும் உண்டு. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுச் சம்பளம் என்ன என்று கல்லூரிகள் கொடுத்த கணக்கே அந்த இணையத்தளத்தில் கிடைக்கிறது. விளம்பரப் புத்தகத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப் போகாவிட்டால் காரணம் கேளுங்கள்.

பட்டியலும் கல்லூரி கொடுக்கும் கணக்கை நம்பித்தான் ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து டெம்பிள் சர்வகலாசாலையின் நிர்வாகக் கல்லூரி, தன் இணையவழி எம்.பி.ஏ. படிப்புக்காகப் பட்டியல் பத்திரிகைக்குப் பொய்க் கணக்குக் கொடுத்தது. வரிசையாகச் சில வருஷங்கள் முதல் இடத்திலும் நின்றது. 2018-ல் குட்டு உடைந்தது. கல்லூரித் தலைவராக இருந்தவருக்கு 2022 மார்ச்சில் 14 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்த முதல் இடத்தை நம்பிச் சேர்ந்தவர்கள் இழந்த வருஷங்களை எந்தக் கோர்ட்டும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

நம் ஊர்க் கதையும் உண்டு. ஐ.ஐ.பி.எம். என்ற நிறுவனம் முழுப்பக்க விளம்பரங்களால் நாடெங்கும் பிரசித்தமாயிருந்தது. 2005-ல் ஓர் இளைஞர் பத்திரிகை அந்த விளம்பரங்களில் கண்டவற்றைச் சரிபார்த்துக் கேள்வி எழுப்பியது. 2014 செப்டம்பரில் டில்லி ஹைகோர்ட், அந்த நிறுவனம் தன் படிப்புகளுக்கு 'எம்.பி.ஏ.', 'நிர்வாகப் படிப்பு' முதலிய பெயர்களை உபயோகிக்கக் கூடாதென்று உத்தரவிட்டது. நடுவில் ஒன்பது வருஷம்! அந்த ஒன்பது வருஷமும் குடும்பங்கள் பணம் கட்டிக் கொண்டுதான் இருந்தன. ஆகையால் அங்கீகாரத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள். எம்.பி.ஏ. என்றால் பட்டம் கொடுக்கும் சர்வகலாசாலை எது என்று கேளுங்கள். தனித்து நிற்கும் கல்லூரி கொடுக்கும் டிப்ளமா என்றால் ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.ஐ.எம்.கள் தனிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 2018 ஜனவரி முதல் பட்டமே கொடுக்கும் அதிகாரமும் அவற்றுக்கு உண்டு.

நாலாவதாக வருகிறவர்தான் மிகவும் உபயோகமானவர். மிகவும் ஜாக்கிரதையாகக் கேட்கவேண்டியவரும் அவரே. அங்கே படிக்கிற, அல்லது படித்துவிட்டு வந்த பிள்ளைகள் சொல்லும், எழுதும் அனுபவம். இடம் கிடைத்தவர்கள்தான் எழுதுகிறார்கள். கிடைக்காதவர்கள் வாயைத் திறப்பதில்லை. "நான் இப்படிப் படித்தேன், இடம் கிடைத்தது" என்பதைக் கேட்கும்போது, அதே மாதிரி படித்தும் கிடைக்காதவர்களை நினைத்துக் கொள்ளுங்கள். முதல் வருஷத்துப் பிள்ளைக்குக் கல்லூரியே சுவர்க்கம். கடன் தவணை கட்ட ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆனவனின் பேச்சு நிதானமாக இருக்கும். கல்லூரி பொறுக்கி அனுப்பும் ஆளை மட்டும் கேட்காமல், நடுத்தரமாகத் தேறிய ஒருவரையும் தேடிப் பிடியுங்கள்.

எந்த வருஷத்துப் பேச்சு என்பதையும் கேளுங்கள். 'கேட்' பரீட்சை 2019 வரை மூன்று மணி நேரம். 2020 முதல் இரண்டு மணி நேரம். பழைய ஆசாமி சொல்லும் யுக்தி இன்று காலை வாரிவிடும். "இதெல்லாம் என்ஜினீயரிங் படித்த பையன்களுக்குத்தான்" என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. கோழிக்கோடு ஐ.ஐ.எம்.மில் 2013-ல் சேர்ந்த வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். சில ஐ.ஐ.எம்.கள் தேர்வில் பெண்களுக்கும், என்ஜினீயரிங் அல்லாத படிப்புக்காரர்களுக்கும் தனி மதிப்பெண் கொடுக்கின்றன. பி.ஏ. படித்த பெண்ணைப் பழைய பேச்சைக் கேட்டு உட்காரவைத்து விடாதீர்கள்.

நல்ல புத்தி சொல்கிறவரை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. அவர் தனக்கு எவ்வளவு செலவாயிற்று என்று சொல்வார். இந்தப் படிப்பு யாருக்கு ஒத்துவராது என்பதையும் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்பார். கடைசியில் "என் வகுப்பில் சேருங்கள்" என்று விலாசம் கொடுக்க மாட்டார்.

ஆகவே இந்த ஐந்து கேள்விகளையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்:

1. சொல்கிறவர் யார்? நாம் சேர்ந்தால் அவருக்கு லாபம் உண்டா?
2. எந்த வருஷத்து விஷயம் இது?
3. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது?
4. நடுச் சம்பளம் என்ன? மாதம் கைக்கு எவ்வளவு?
5. கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா? அந்தப் பட்டியலை நாமே பார்த்தோமா?

எதிர் வீட்டு மாமி இந்த ஐந்தையும் எழுதிக் கொண்டு போய், அந்தக் கல்லூரிக்கு டெலிபோன் செய்தார். முதல் இரண்டு கேள்விகளுக்கு இனிமையான குரலில் பதில் வந்ததாம். மூன்றாவது கேள்விக்கு, "மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறோம்" என்றார்களாம். இன்னும் சொல்லவில்லை. மாமியின் பெண் இப்போது வேறு இரண்டு கல்லூரிகளின் கணக்கைப் பார்த்துக் கொண்டிருக்கிறாள். பக்கத்தில் மாமி, வரனின் ஜாதகத்தைப் பார்க்கிற அதே சிரத்தையோடு உட்கார்ந்திருக்கிறார்.