உருளைப்பலகைத் திடலும் அதன் காவலரும்

நகரத்தின் பொதுநிலத்தில் ஒன்றைக் கட்டுவதற்குப் பணமும் உத்தரவும் போதும். கட்டியதை முப்பது ஆண்டு கெடாமற் காப்பதற்கோ இவ்விரண்டும் போதா. இதனை விளக்க, ஸ்கேட்போர்டு என வழங்கும் உருளைப்பலகை விளையாட்டிற்கென எழுந்த ஒரு திடலின் வரலாற்றை வாசகர்முன் வைக்க விரும்புகின்றேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டு ஆரிகன் மாகாணத்தில், வில்லாமெட் ஆற்றின் இருகரையிலும் போர்ட்லண்ட் என்னும் நகரம் பரந்துள்ளது. குளிர்காலம் முழுதும் அங்கே மழை ஓயாது பெய்யும். நனைந்த தரையிலோ பலகை நேரே ஓடாது. ஆதலின் 1990ஆம் ஆண்டில் சில வாலிபர், 1926இல் எழுந்த பர்ன்சைடு பாலத்தின் கிழக்கு முனையில், பாலமே கூரையாய் நிற்கும் இடத்தை நாடினர். அக்காலத்தில் அது நல்லோர் நடமாடும் இடமன்று, மயக்கமருந்துக்காரரின் ஒதுக்கிடம். அவ்வாலிபர் எவரிடமும் உத்தரவு கேளாது, தாமே சிமெண்டு குழைத்துப் பாலச்சுவரோரம் ஒரு சரிவு அமைத்தனர். ஒன்று பலவாகிப் பள்ளமும் மேடும் சுவருமாய் வளர்ந்தது. தம் தெருவில் தொல்லை குறைந்ததைக் கண்ட அண்டை வியாபாரிகள் அவர் பக்கம் நின்றனர். நகரசபையாரும் இடிக்க முற்படாமல் பின்னர் இசைவளித்தனர்.

உத்தரவின்றிப் பொதுநிலத்திற் கட்டுதல் குற்றமன்றோ எனின், குற்றமே. அவ்வழியை மற்றையோர்க்குப் பரிந்துரைப்பது என் கருத்தன்று. அதன்பின் நிகழ்ந்ததே நாம் நோக்கத்தக்கது.

இவ்விளையாட்டின் சக்கரம் ஏறக்குறைய ஈரங்குல உயரமே உள்ளது; ஒரு சிறு கல் அதன்கீழ் அகப்படினும் பலகை நின்றுவிடும், ஆடுவோன் முன்னே வீழ்வான். கான்கிரீட்டில் மயிரிழை விரிசல் விட்டால் அதனை உடனே அடைத்தல் வேண்டும்; விளிம்பு சிதைந்தால் வெட்டியெடுத்து மறுபடி வார்த்தல் வேண்டும். எங்கே பழுதென்பதை ஆடுவோன் தன் பாதத்தாலேயே அறிவான். ஆண்டிற்கொருமுறை குறிப்பேட்டுடன் வரும் உத்தியோகஸ்தர், பாவம், எங்ஙனம் அறிவார்! பர்ன்சைடிலோ கூட்டுவதும் அடைப்பதும் வார்ப்பதும் ஆடுவோர் கையிலேயே இருந்து வந்தன. அக்கைப்பழக்கம் வீண்போகவில்லை. அங்கே தொழில் பயின்றவருள் ஒருவராகிய மார்க் ஸ்காட் என்பவர் ட்ரீம்லாண்ட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, லிங்கன் சிட்டி, நியூபெர்க் முதலிய ஊர்களின் பொதுத்திடல்களை அமைத்தார். உத்தரவு கேளாத கைகளையே ஊர்கள் பின்னர்க் கூலி கொடுத்து அழைத்தன.

இதைக் கண்டு நகரசபைகள் ஒரு தவறான பாடம் கற்றுக்கொள்ளக்கூடும் என அஞ்சுகின்றேன். "வாலிபர் தாமே பார்த்துக்கொள்கின்றனர், நாம் ஏன் செலவிட வேண்டும்?" என்பதே அது. வரி வாங்குகின்றவர் விளக்கும் குப்பைத்தொட்டியும் சிமெண்டும் தருதல் அவர் கடன். தந்தபின் கரண்டியை ஆடுவோர் கையிற் கொடுத்துவிடுதல் அவர் விவேகம். பணத்தை நிறுத்திக்கொண்டு புகழை மாத்திரம் வாங்குவது நீதியன்று. பெருந்தொகை செலவிட்டுத் திறந்துவைத்து, பின்னர்ப் பழுது பார்ப்பாரின்றிக் கதவைப் பூட்டி வைப்பதோ அதனினும் கேடு.

இனி, பர்ன்சைடு பாலமே மாறப்போகின்றது. பெருநிலநடுக்கத்தைப் பழம்பாலம் தாங்காதென்பதால், அவ்விடத்திற் புதுப்பாலம் அமைக்க மல்ட்னோமா கவுண்டி ஆட்சியார் திட்டமிட்டுள்ளனர். அது நியாயமான காரியமே. உயிர்க்காப்பிற்கு முன் விளையாட்டு பெரிதன்று. ஆயினும் அத்திடலுக்குக் கூரையாவது அப்பாலமே. பக்கத்துச் சுவரும் அதனுடையதே. ஆதலின், வேலை நடக்கும் காலத்தில் எவ்வளவு இடம் மறைக்கப்படும், எத்துணைத் திங்கள் மூடப்படும், உடைந்தவற்றை யார் செலவில் யார் வார்ப்பர் என்பவற்றை முன்கூட்டியே எழுத்தில் வரைந்து, முப்பது ஆண்டுக்கு மேலாகக் கரண்டி பிடித்தவர்களையும் அவ்வெழுத்திற் கையொப்பமிட அழைத்தல் ஆட்சியாளர்க்குத் தகும்.