நடிப்பு அல்ல, வலி!

"இடுப்பு வலிக்கிறது" என்கிறாள் மருமகள். எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் இல்லை. உடனே, "வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்" என்கிறார்கள். இது கொடுமை.

புண் ஆறிய பிறகும் நரம்புகள் வலியை உணர்த்திக்கொண்டே இருக்கலாம். எக்ஸ்ரேயில் அது தெரியாது. 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடம் உண்டு.

கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993-ல் வலி நிவாரண சங்கம் ஒன்று தோன்றியது. புற்றுநோய் போன்ற கடும் நோயால் துடித்தவர்களின் வீட்டுக்கே அதன் தொண்டர்கள் போனார்கள். துன்பத்தைக் கேட்டார்கள், உதவினார்கள்.

ஊரார் செய்ததை வீட்டார் செய்யக் கூடாதா? வலி என்றால் நம்புங்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். குடம் தூக்கும் வேலையை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளுங்கள்.